அத்தியாயம் 4: கொட்டேஷனின் பின்பக்கம்

கோவையில் கணபதி, பீளமேடு, குறிச்சி சிட்கோ பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறை ஒன்றுக்குப் புது மெஷின் விற்க ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் ஒரு கொட்டேஷன் இருக்கும். அதன் முன்பக்கம் ஜி.எஸ்.டி. வரை பைசா சுத்தமாக அச்சடித்திருக்கும். பேச்சு சூடு பிடித்ததும் அவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் பேனாவால் நான்கு வரி எழுதுவார்: ஒரு மணிக்கு இவ்வளவு, இரண்டு ஷிப்ட், வருஷத்துக்கு இவ்வளவு, மூன்றே வருஷத்தில் போட்ட பணம் கைக்கு வந்துவிடும். பட்டறைக்காரர் பேரம் பேசுவது முன்பக்கத்தை வைத்து. மெஷினை வாங்குவது பின்பக்கத்தை நம்பி.

இந்த அத்தியாயம் பின்பக்கத்தில் உள்ள அந்த நான்கு வரிகளைப் பற்றியது. உதாரணத்துக்கு வி.எம்.சி. எனப்படும், கணினிக் கட்டுப்பாட்டில் உலோகம் செதுக்கும் ஒரு மெஷினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நீங்கள் பேக்கரி ஓவன் வாங்கினாலும், குளிர்பதனக் கிடங்கு கட்டினாலும், சூரியத் தகடு போட்டாலும் கணக்கின் வழி இதுதான். கீழே வரும் தொகைகள் எல்லாம் கணக்கு விளங்குவதற்காக நான் வைத்தவை. உங்கள் எண்களை நீங்கள் இட்டுக்கொள்ள வேண்டும்.

விற்பவரின் கணக்கு இப்படி: மெஷின் 36 லட்சம். நாளுக்கு 16 மணி, மாதம் 25 நாள், வருடத்துக்கு 4,800 மணி. மணிக்கு 500 ரூபாய் வீதம் 24 லட்சம் வரவு. இரண்டு ஆப்பரேட்டர் சம்பளம் 4.8 லட்சம், கரண்டும் கட்டரும் கூலண்டும் சேர்த்து மணிக்கு 100 ரூபாய் வீதம் 4.8 லட்சம், பராமரிப்பு 1 லட்சம், இட வாடகை 1.4 லட்சம். ஆக 12 லட்சம் செலவு, 12 லட்சம் மிச்சம். முப்பத்தாறைப் பன்னிரண்டால் வகுத்தால் மூன்று. இதில் ஒரு வரிகூடப் பொய் இல்லை. வாடகையைச் சேர்த்த அளவில், பல விற்பனையாளர்களைவிட இவர் நேர்மையானவர்கூட.

கொட்டேஷனில் இல்லாத செலவு

மெஷின் தனியாக ஓடாது. டூல் ஹோல்டர், வைஸ், முதல் செட் கட்டர், கம்ப்ரஸர், ஸ்டெபிலைசர், அஸ்திவாரம், புரோகிராம் போடும் சாப்ட்வேர், லாரியிலிருந்து இறக்கும் கிரேன் கூலி எல்லாம் சேர்த்து 6 லட்சம் என்று வைப்போம். கொட்டேஷனில் இதில் பாதி "ஆப்ஷனல்" என்ற தலைப்பில் கடைசிப் பக்கத்தில் இருக்கும், மீதி இருக்கவே இருக்காது.

அடுத்தது நடைமுறை மூலதனம். வேலை முடித்து பில் போட்டால் பணம் வர மூன்று மாதம் ஆகும் ஊரில், மாதம் 1.4 லட்சத்துக்கு வேலை செய்தால் எப்போதும் 4.2 லட்சம் பார்ட்டிகளின் கையில் நின்றுகொண்டிருக்கும். ஆப்பரேட்டருக்கு ஏழாம் தேதி சம்பளம் தந்தாக வேண்டும். கரண்ட் பில்லும் காத்திருக்காது. இதற்கு 5 லட்சம் ஒதுக்குவோம். திட்டம் முடியும்போது இது திரும்பி வரும், அதனால் செலவில்லை என்று சிலர் இதைக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. மெஷின் ஓடும் எட்டு வருடமும் உங்களிடம் இல்லாத பணம், உங்கள் பணத்தைப் போட்டதாகத்தான் அர்த்தம்.

ஆக உண்மையான முதலீடு 47 லட்சம். இதற்கு மேல் மெஷின் மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி. 6.48 லட்சம். அது உள்ளீட்டு வரியாகத் திரும்பும் என்று ஆடிட்டர் சொல்வார். சரிதான், ஆனால் ரொக்கமாகத் திரும்பாது. நீங்கள் உங்கள் பில்களில் வசூலிக்கும் வரியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கழித்துக்கொள்ள வேண்டும். பட்டறையின் மொத்த விற்றுமுதல் சிறியதாக இருந்தால் முழுதும் கழிய இரண்டு வருடம்கூட ஆகலாம். அதுவரை அந்தப் பணத்துக்கு யார் வட்டி கட்டுவது என்று இப்போதே கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். கடன் தரும் வங்கி வரித் தொகைக்கும் சேர்த்துத் தருமா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி.

மானியம் வரும் என்று இருந்தால், அதைத் தொடக்க முதலீட்டிலிருந்து கழிக்காதீர்கள். விண்ணப்பம், ஆய்வு, ஒப்புதல், நிதி ஒதுக்கீடு என்று அதற்கு ஒரு தனி நடை உண்டு. மானியம் இல்லாமலே நிற்கும் திட்டத்துக்கு மானியம் கிடைத்தால் நல்லது. மானியம் வந்தால்தான் நிற்கும் என்றால் அந்தத் திட்டத்தை விட்டுவிடுங்கள்.

இன்னொரு செலவு எந்தத் தாளிலும் வராது. இரண்டாவது ஷிப்டில் ஆப்பரேட்டர் வராத நாளில் மெஷின் முன் நிற்கப்போவது நீங்கள் அல்லது உங்கள் தம்பி. புரோகிராம் போடுவது உங்கள் மகன். வீட்டு ஆட்களின் உழைப்புக்குக் கூலி எழுதாத கணக்கில் எந்தத் தொழிலும் லாபமாகத்தான் தெரியும். வெளியாள் ஒருவரை வைத்தால் என்ன தருவீர்களோ அதை எழுதிப் பாருங்கள்.

மணி எங்கிருந்து வரும்?

நான்கு வரியில் ஆபத்தான வரி 4,800 மணி. மெஷின் அத்தனை மணி ஓடும் திறன் கொண்டது, அதில் சந்தேகமில்லை. ஓடும் மணி வேறு, பில் போடும் மணி வேறு. வேலை மாறும்போது செட்டிங் நேரம், முதல் பீஸ் சரிபார்ப்பு, மெட்டீரியல் வராமல் காத்திருப்பது, ரிஜெக்‌ஷன் ஆன பீஸைத் திரும்பச் செய்வது, மின்தடை, சர்வீஸ் ஆள் வரும்வரை சும்மா நிற்பது, ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல், முகூர்த்த மாதங்களில் பாதி ஆள். இதெல்லாம் போக, வேலையே இல்லாத வாரங்கள். நன்றாக நடக்கும் பட்டறையில் 70 சதவீதம் பில் மணி என்று வைப்போம்: 3,360. முதல் வருடம் பார்ட்டி பிடிக்கும் காலம், 2,000 மணி.

திறனை விற்பனையாக நினைத்துக்கொள்ளும் பிழை பெரிய நிறுவனங்களுக்கும் வரும். டாடா நானோ 2008 ஜனவரியில் டெல்லி வாகனக் கண்காட்சியில் அறிமுகமானபோது உலகமே பேசியது. அதற்கான ஆலை கட்டப்பட்டுவந்த மேற்கு வங்கத்தின் சிங்கூரில் எழுந்த நிலப் போராட்டத்தால் அந்த ஆண்டு அக்டோபரில் ஆலை குஜராத்தின் சனந்துக்கு மாறியது. 2010இல் அங்கே திறக்கப்பட்ட ஆலை ஆண்டுக்கு 2,50,000 கார் செய்யக் கட்டப்பட்டது. அதிகம் விற்ற ஆண்டு 2011-12. அப்போது விற்றவை சுமார் 74,500. திறனில் முப்பது சதவீதம்கூட இல்லை. கார் மலிவு, பொறியியல் நேர்த்தி, பெயரோ டாடா. இருந்தும் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் பேர் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்விக்குச் சந்தை தந்த பதில் வேறாக இருந்தது. 'ஏழையின் கார்' என்ற பெயரோடு ஒன்றை வீட்டு வாசலில் நிறுத்த யாருக்கு ஆசை வரும் என்று பிற்பாடு பலரும் எழுதினார்கள். ஆலை கட்டும் முன் அதைக் கேட்பதுதான் கடினம். 2018இல் உற்பத்தி ஏறக்குறைய நின்றே போனது.

டாடாவுக்கு அந்த இழப்பைத் தாங்க வேறு வண்டிகள் இருந்தன. உங்களுக்கு இருப்பது ஒரு பட்டறை.

ஆகவே மணியைச் சதவீதமாக எழுதாதீர்கள். பெயர்களாக எழுதுங்கள். ஒரு தாளில் இடப்பக்கம் பார்ட்டியின் பெயர், நடுவில் என்ன பாகம், வலப்பக்கம் வருடத்துக்கு எத்தனை மணி, கடைசியில் எந்த ஆதாரத்தில் என்பது. இப்போது நீங்களே வெளியே ஜாப் ஒர்க்குக்கு அனுப்பிக்கொண்டிருக்கும் வேலை 1,800 மணி என்றால் அது முதல் வரி. அதற்குப் பழைய பில்கள் ஆதாரம். பர்ச்சேஸ் ஆர்டர் கையில் உள்ள வேலை அடுத்த வரி. "மெஷின் வாங்குங்க, வேலை நாங்க தர்றோம்" என்று பெரிய கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர் டீ குடித்துக்கொண்டே சொன்னது கடைசி வரி. அதற்கு நேராகப் பூஜ்யம் போடுங்கள். அவர் அதையே இன்னும் நான்கு பட்டறைகளிடம் சொல்லியிருப்பார். எல்லாரும் வாங்கிய பிறகு, மணிக்கு 500 இருந்த இடத்தில் 420 தருவதாக இ-மெயில் வரும்.

எட்டாம் ஆண்டின் ஒரு லட்சம்

இனி இந்த எண்களைக் காலத்தில் பரப்ப வேண்டும். அடுத்த வருடம் வரும் ஒரு லட்சமும் எட்டாம் வருடம் வரும் ஒரு லட்சமும் ஒன்றல்ல என்பது, ஏலச்சீட்டில் தள்ளி எடுத்த யாருக்கும் தெரியும். எவ்வளவு வித்தியாசம் என்பதற்குத்தான் ஒரு வீதம் வேண்டும். வங்கிக் கடன் 11 சதவீதத்துக்குக் கிடைத்தால் அதுதான் வீதம் என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். கடனைவிட உங்கள் சொந்தப் பணம் அதிக ஆபத்தில் நிற்கிறது. திட்டம் கவிழ்ந்தால் வங்கி முதலில் எடுத்துக்கொண்டு மீதிதான் உங்களுக்கு. அதற்குக் கூடுதல் விலை வேண்டும். குறைந்தபட்சமாக 12 சதவீதம் வைத்துப் பார்ப்போம். என்னைக் கேட்டால் புதுச் சந்தைக்குப் போகும் திட்டத்துக்கு அது போதாது.

12 சதவீதத்தில், ஒரு வருடம் கழித்து வரும் ஒரு லட்சத்தின் இன்றைய மதிப்பு 89,300 ரூபாய். எட்டு வருடம் கழித்து வருவதற்கு 40,400. ஒவ்வொரு வருட மிச்சத்தையும் இப்படி இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து கூட்டி, முதலீட்டைக் கழித்தால் வருவது நிகர இன்றைய மதிப்பு. வங்கிக்காரர்களும் ஆடிட்டர்களும் என்.பி.வி. என்பார்கள். எக்செல்லில் இதற்கு ஒரே ஒரு வாய்ப்பாடு போதும். முதலீட்டை மட்டும் வாய்ப்பாட்டுக்கு வெளியே வைத்துக் கழியுங்கள். உள்ளே வைத்தால் அது இன்று போடும் பணத்தை ஒரு வருடம் கழித்துப் போடுவதாக எடுத்துக்கொள்ளும்.

எட்டு வருடம் கழித்து மெஷின் 8 லட்சத்துக்கு விலைபோகும், நடைமுறை மூலதனம் 5 லட்சம் திரும்பும் என்று கொள்வோம். விற்பவரின் 4,800 மணிக் கணக்கில் என்.பி.வி. சுமார் 18 லட்சம் லாபம். அதே மெஷின், அதே ரேட், முதல் வருடம் 2,000 மணி, பிறகு ஒவ்வொரு வருடமும் 3,360 மணி என்றால்? இரண்டாம் வருடத்திலிருந்து மிச்சம் 6.24 லட்சம். என்.பி.வி. 15.6 லட்சம் நஷ்டம்.

இந்த நஷ்டத்தைப் பட்டறைக்காரர் கண்ணால் பார்க்கவே மாட்டார். வருடா வருடம் ஆறு லட்சம் மிஞ்சும், மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், வரவு செலவுக் கணக்கில் சிவப்பு இருக்காது. எட்டு வருடம் கழித்து, அந்த 47 லட்சத்தை வேறு எங்கு வைத்திருந்தாலும் இதைவிட நன்றாக இருந்திருக்கும் என்பது மட்டும் யாருக்கும் தெரியாமல் போய்விடும். சிறு தொழிலில் பெரும்பாலான தவறான முதலீடுகள் திவாலில் முடிவதில்லை. இப்படிச் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும்.

'போட்ட பணம் எத்தனை வருடத்தில் திரும்பும்' என்ற கேள்வியும் முற்றிலும் வீணில்லை. கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு அது ஒரு நல்ல முதல் சல்லடை. 36 லட்சத்துக்குப் பதிலாக 47 லட்சத்தை வைத்துக் கேளுங்கள், அவ்வளவுதான். ஐ.ஆர்.ஆர். என்ற இன்னொரு அளவையும் வங்கியில் கேட்பார்கள். என்.பி.வி. பூஜ்யமாகும் வீதம் அது. ஒரு திட்டத்தை மட்டும் பார்க்கும்போது இரண்டும் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்லும்.

எந்த எண் அசைந்தால் கணக்கு சாயும்?

என்.பி.வி. எவ்வளவு என்பதைவிட, எந்த இடத்தில் பூஜ்யமாகிறது என்பதுதான் பயனுள்ள கேள்வி. நம் உதாரணத்தில் எட்டு வருடமும் சராசரியாக ஆண்டுக்கு 3,900 மணி பில் போட்டால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. 4,800இல் 81 சதவீதம். இனி விற்பவரோடு வாக்குவாதம் வேண்டாம். உங்கள் பெயர்ப் பட்டியலில் 3,900 இருக்கிறதா என்று பார்த்தால் போதும். சொந்த வேலை 1,800 போக, வெளியிலிருந்து 2,100 மணி.

பிறகு ஒவ்வோர் எண்ணாக அசைத்துப் பாருங்கள். மெஷின் விலை 10 சதவீதம் கூடினால் தேவைப்படும் மணி 3,900இலிருந்து சுமார் 4,080 ஆகிறது. நாம் வைத்த 12 சதவீத வீதத்தை 14 ஆக்கினாலும் கிட்டத்தட்ட அதே 4,090. மெஷின் எட்டு வருடத்துக்குப் பதில் ஆறு வருடம்தான் தாங்கும் என்றால் 4,260. மணிக்கு 500 ரூபாய் ரேட் 450 ஆனால்? 4,460 மணி. இரண்டு ஷிப்ட் திறனில் 93 சதவீதம். நடக்காத காரியம்.

மெஷின் விலையில் இரண்டு லட்சம் குறைக்க மாதக்கணக்கில் பேசுகிறோம். வட்டியில் கால் சதவீதம் குறைக்க வங்கி வங்கியாக ஏறுகிறோம். இரண்டையும் சேர்த்தால் வரும் பலனைவிட, ரேட்டில் ஐம்பது ரூபாய் இறங்குவது பெரிது. அதை நாம் பார்ட்டியின் ஒரு போன் பேச்சில் விட்டுக்கொடுக்கிறோம். எந்த எண் கணக்கைச் சாய்க்கிறது என்று தெரிந்தவர் தன் பேரத்தை அங்கே வைப்பார்: ரேட்டை இரண்டு வருடத்துக்கு எழுத்தில் வாங்குவது, மாதத்துக்குக் குறைந்தபட்ச மணி கேட்பது, யாரும் செய்யாத பாகத்துக்குப் போவது.

ரேட் எட்டு வருடமும் 500 என்று வைத்திருக்கிறோமே, சம்பளமும் அப்படியே நிற்குமா? ஜாப் ஒர்க் ரேட் ஏறவே இல்லை என்பது கோவைப் பட்டறைகளில் நெடுநாளாகக் கேட்கும் புலம்பல். ஆப்பரேட்டர் சம்பளம் வருடம் 6 சதவீதம் ஏறினால் 4.8 லட்சம் ஐந்து வருடத்தில் 6.4 லட்சம். இதையும் அசைத்துப் பாருங்கள். நான் மேலே போட்ட கணக்கே தாராளமானது என்று தெரியும்.

லாபம் தாளில், பணம் பார்ட்டியிடம்

மெஷின் விலையில் 75 சதவீதம், அதாவது 27 லட்சம் கடன். 11 சதவீதம், ஐந்து வருடம். மாதத் தவணை 58,700 ரூபாய், வருடத்துக்கு 7 லட்சத்துக்குச் சற்று மேல். விற்பவர் கணக்குப்படி 12 லட்சம் மிச்சம் வந்தால் தவணையைப் போல் 1.7 மடங்கு. 3,360 மணிக் கணக்கில் மிச்சம் 6.24 லட்சம், தவணைக்கே எண்பதாயிரம் ரூபாய் துண்டு விழும். முதல் வருடத்தில் மிச்சம் வெறும் 80,000. ஆறு மாதம் தவணை ஒத்திவைப்பு வாங்கியிருந்தாலும் மீதி ஆறு மாதத் தவணையில் பெரும்பகுதி பழைய மெஷின்கள் சம்பாதித்த பணத்திலிருந்துதான் போகும். மிச்சம் தவணையைப் போல் எத்தனை மடங்கு என்பதை வங்கியில் டி.எஸ்.சி.ஆர். என்பார்கள். ஒன்றரைக்குக் கீழ் போனால் முகம் சுளிப்பார்கள். அதனால் திட்ட அறிக்கை எழுதித் தருபவர் எப்படியாவது ஒன்றரை வரும்படி மணியை ஏற்றி எழுதுவார். வங்கிக்குத் தரும் அறிக்கை ஒன்று, உங்கள் கணக்கு ஒன்று என்று இரண்டு வைத்திருப்பவர்கள் உண்டு. முதலாவதைப் படித்துப் படித்து அதையே நம்பத் தொடங்குவதில்தான் கெடுதல்.

பில் தாமதத்துக்குச் சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி. 2023ஆம் ஆண்டின் நிதிச் சட்டம் வருமான வரியிலும் ஒரு பிடி வைத்தது: கெடு தாண்டிய பாக்கியை வாங்குபவர் பணம் தரும்வரை செலவாகக் காட்ட முடியாது. சிறு நிறுவனங்களுக்கான உத்யம் பதிவு இல்லாமல் இதையெல்லாம் கேட்பது கடினம் என்பதால், பதிவை முதலில் முடித்துவிடுங்கள். பெரிய கம்பெனிகளின் பில்லை ட்ரெட்ஸ் தளங்களில் கழிவுக்கு விற்று முன்கூட்டியே பணமாக்கலாம். இவ்வளவும் இருந்தும், ஒரே பார்ட்டியை நம்பி இருப்பவர் அந்தப் பார்ட்டி மீது வழக்குப் போடுவாரா என்று நீங்களே யோசியுங்கள். சட்டம் இருக்கிறது என்பதற்காக 90 நாளை 45 ஆக எழுதிக் கணக்குப் போடாதீர்கள். கடந்த வருடம் உங்களுக்கு உண்மையில் எத்தனை நாளில் பணம் வந்தது என்று லெட்ஜரைப் பார்த்து எழுதுங்கள்.

பட்டறைக்கு வெளியிலிருந்து வருவது

மணியும் ரேட்டும் நீங்கள் ஓரளவு கட்டுப்படுத்தக் கூடியவை. சில ஆபத்துகள் அப்படியல்ல. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. நொய்யல் ஆற்றில் சாயக்கழிவு கலப்பது பற்றிப் பல ஆண்டாக நடந்த வழக்கு, யாருக்கும் தெரியாத விஷயமில்லை. மூடப்பட்டவை சாயப்பட்டறைகள்தான், ஆனால் சாயத்தொட்டியே இல்லாத நிட்டிங்காரர்களும் ஏற்றுமதியாளர்களும் துணியை வெளியூருக்கு அனுப்பித் திண்டாடினார்கள். அந்த நேரத்தில் புது நிட்டிங் மெஷினுக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தவரின் கணக்கில் 'சாயக்கழிவு' என்று ஒரு வரி இருந்திருக்கவே வாய்ப்பில்லை. உங்களுக்கு முன்னும் பின்னும் சங்கிலியில் யார் இருக்கிறார்கள், அவர்கள் தலைக்கு மேல் என்ன வழக்கு, என்ன விதி தொங்குகிறது என்பதும் உங்கள் ஆபத்துதான். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றின் மீதான வரியை 50 சதவீதமாக்கியபோதும் இதே கதை: நேரடியாக ஏற்றுமதி செய்யாத ஜாப் ஒர்க்காரருக்கும் ஆர்டர் குறையும்.

கட்டி முடிப்பதற்குள் உலகம் மாறிவிடுவது இன்னொரு வகை. மோட்டோரோலா முன்னின்று உருவாக்கிய இரிடியம் செயற்கைக்கோள் தொலைபேசித் திட்டம் 1980களின் கடைசியில் யோசிக்கப்பட்டது. சுமார் 500 கோடி டாலர், 66 செயற்கைக்கோள்கள். 1998 நவம்பரில் சேவை தொடங்கியபோது சாதாரணக் கைப்பேசி உலகின் பெருநகரங்களுக்கெல்லாம் வந்துவிட்டிருந்தது. இரிடியம் கருவி செங்கல் கனம், கட்டடத்துக்குள் வேலை செய்யாது. 1999 ஆகஸ்டில் நிறுவனம் திவால் பாதுகாப்புக் கேட்டது. செயற்கைக்கோள்கள் நன்றாகவே வேலை செய்தன என்பதைக் கவனியுங்கள். உங்கள் பாகங்களின் தேவையும் இப்படி மாறலாம்: பெயர்ப் பட்டியலில் பெட்ரோல் எஞ்சின் பாகங்கள் எத்தனை மணி, பம்ப் பாகங்கள் எத்தனை, எந்த வண்டியிலும் பொருந்தும் பாகங்கள் எத்தனை என்று பிரித்து எழுதிப் பாருங்கள். எட்டு வருடத்துக்கு மெஷின் வாங்குபவர் எட்டு வருடத்துக்குப் பாகமும் பார்க்க வேண்டும்.

இவற்றையெல்லாம் முன்கூட்டி யோசிப்பது எப்படி? உளவியலாளர் கேரி க்ளைன் 2007இல் எழுதிய ஒரு முறை எனக்குப் பிடிக்கும். முடிவெடுக்கும் முன் வீட்டிலும் பட்டறையிலும் சம்பந்தப்பட்ட எல்லாரையும் உட்காரவைத்து, "மூணு வருஷம் ஆச்சு, மெஷின் வித்துட்டோம், கடன் நிக்குது. ஏன் இப்படி ஆச்சு?" என்று கேளுங்கள். ஆளுக்கு ஒரு தாளில் தனித்தனியாக எழுதட்டும். "என்ன ஆபத்து இருக்கிறது?" என்று கேட்டால் முதலாளி முகத்தைப் பார்த்து "ஒண்ணுமில்ல அண்ணா" என்பார்கள். ஏற்கெனவே தோற்றுவிட்டது என்று சொல்லிவிட்டால் வாய் திறக்கும். மூத்த ஆப்பரேட்டர் எழுதுவதை முதலில் படியுங்கள். இரண்டாவது ஷிப்டுக்கு ஆள் நிற்க மாட்டார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும். உங்கள் மனைவி எழுதுவதை அடுத்ததாக. வீட்டுப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று அவர் கேட்டிருப்பார்.

தோற்றால் எவ்வளவு போகும்?

வீட்டுப் பத்திரம் பற்றிய அந்தக் கேள்வி நியாயமானது. நிகழும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒரு பக்கம், நிகழ்ந்தால் எதைக் கொண்டுபோகும் என்று மறுபக்கம். பத்தில் எட்டு முறை வெல்லும் திட்டமானாலும், தோற்கும் இரண்டு முறையில் வீடு போகும் என்றால் அதை நான் எடுக்க மாட்டேன். பெரிய கம்பெனி ஐம்பது திட்டங்களை வைத்திருக்கிறது, சராசரி அதைக் காப்பாற்றும். உங்களுக்குச் சராசரி என்று ஒன்று கிடையாது. 2000ஆம் ஆண்டு தொடங்கிய சி.ஜி.டி.எம்.எஸ்.இ. கடன் உத்தரவாதத் திட்டத்தின் கீழ் சொத்துப் பிணை இல்லாமல் கடன் கேட்க வழி இருக்கிறது. உத்தரவாதக் கட்டணம் உண்டு, கிளை மேலாளர் பத்திரம் இருந்தால் நல்லது என்று சொல்லிப் பார்ப்பார். கட்டணத்தை வீட்டுக்கான இன்ஷூரன்ஸ் பிரீமியமாக எண்ணிக் கட்டிவிடுங்கள்.

இழப்பைச் சிறிதாக்க வேறு வழிகளும் உண்டு. நான்கு வருடம் ஓடிய பழைய மெஷின் 18 லட்சத்துக்குக் கிடைக்கிறது என்று வைப்போம். டூலிங், மூலதனம் சேர்த்து 29 லட்சம். பராமரிப்பு இரண்டரை லட்சமாக ஏறும், ஆயுள் ஐந்து வருடம், கடைசியில் 5 லட்சம் விலை. இதைப் போட்டுப் பார்த்தால் தேவைப்படும் மணி 3,790. புது மெஷினின் 3,900க்கு மிக அருகில். அரை விலைக்கு வாங்கியும் கணக்கு பெரிதாக இலேசாகவில்லை என்று ஏமாற்றமாக இருக்கும். ஆனால் மணி வராமல் போனால் புது மெஷினில் மாட்டிக்கொள்வது 47 லட்சம், இதில் 29. சந்தை இருக்கிறதா என்றே தெரியாத நிலையில் பழைய மெஷின் நல்ல கேள்வி கேட்கும் கருவி. பார்ட்டிகள் உறுதியான பிறகு புதியது.

இன்னும் மலிவான கேள்வியும் இருக்கிறது. இரண்டாவது ஷிப்டில் சும்மா நிற்கும் அடுத்த பட்டறை மெஷினை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, உங்கள் ஆப்பரேட்டரை வைத்து, நீங்கள் பிடிக்க நினைக்கும் பார்ட்டியின் பாகத்தைச் செய்து கொடுங்கள். லாபம் மிஞ்சாது. அவர் எத்தனை மணி தருகிறார், எத்தனை நாளில் பணம் தருகிறார், ரிஜெக்‌ஷனுக்கு எப்படிச் சண்டை பிடிக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும்.

வாங்கிய பிறகு

மெஷின் வந்த நாளிலிருந்து ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, பில் போட்ட மணி, சும்மா நின்ற மணி, ஏன் நின்றது. மெஷினின் கண்ட்ரோல் பேனலே ஓடிய மணியைக் காட்டும், பில் போட்ட மணியை அது காட்டாது. வாங்கும் முன்பே ஒரு வரம்பை எழுதி அந்த நோட்டின் முதல் பக்கத்தில் ஒட்டிவைக்க வேண்டும். உதாரணமாக, 18ஆம் மாத முடிவில் கடைசி ஆறு மாதச் சராசரி 250 மணிக்குக் கீழ் இருந்தால் விற்பதற்கு விசாரிக்கத் தொடங்குவது. 250 என்பது வருடத்துக்கு 3,000 மணி. தேவையான 3,900க்கு வெகு கீழே. அந்த நேரத்தில் "இவ்வளவு போட்டாச்சு, இன்னும் ஒரு வருஷம் பாக்கலாம்" என்று தோன்றும். போட்ட 47 லட்சம் எந்த முடிவிலும் திரும்பாது. அன்றைக்குப் பார்க்க வேண்டியது இரண்டே எண்: இன்று விற்றால் என்ன கிடைக்கும், வைத்திருந்தால் இனி என்ன மிஞ்சும்.

அந்த வரம்பை எழுதும்போது பட்டறைக்கு வெளியே உள்ள ஒருவரிடம், ஆடிட்டரிடமோ மச்சானிடமோ, ஒரு பிரதி கொடுத்து வையுங்கள். 18ஆம் மாதம் அவரே போன் செய்து கேட்கட்டும்.